நாலு அட்டைக்கடி

ஒன்றரை வருஷம் அதை வாய்வு என்றார்கள்.
தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மருந்து,
பழைய சோடாப் போத்தலில் பாதி.
எண்ணெய் ரொட்டி தின்ற இரவுகளில்
வலது விலாவுக்குக் கீழே எவனோ
முள்ளு விட்டுக் கிளறினான்.
விடிந்தால் பெரட்டுக்களம்.
அதற்குள் வலி எங்கேயோ போய்
ஒளிந்துகொள்ளும், என்னைப் பொய்க்காரியாக்கி.

ஹட்டனில்தான் ஸ்கேன்.
திரையில் மலைக்கு மேல் இறங்கும் மூட்டம்,
நடுவே வெள்ளையாய் ஐந்து புள்ளி,
ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கறுப்பு வால்.
"கல்லு இருந்தாத்தான் நிழல் விழும் அக்கா"
என்றாள் வயிற்றில் பசை தடவிய பிள்ளை.

நுவரெலியாவில் பெரிய டொக்டர்
சிங்களத்தில் சொன்னார்.
நர்ஸ் வாய் திறக்குமுன் எனக்கு விளங்கிற்று.
பித்தம். கல்.
அவர் வாயில் கொஞ்சம் அழுத்தி விழுந்தது,
அவ்வளவுதான்.

கரைக்க மாத்திரை இல்லையா என்று கேட்டேன்.
மேல்லயத்துப் பவளக்கொடி தந்த
கல்லுருக்கிச் சாற்றை மட்டும் சொல்லவில்லை.
மாத்திரை இருக்கிறதாம்,
இந்தக் கல்லுக்கு அது கேட்காதாம்.
பை இருக்கும்வரை கல்லும் வருமாம்.

அடுத்த கட்டிலில் சோமலதா,
கண் இரண்டும் மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல்.
அவளுடைய கல் ஒன்று
குழாயில் இறங்கிச் சிக்கிக்கொண்டது.
கண்டிக்கு அனுப்பினார்கள்.
வாய்வழியே கமரா விட்டு,
கம்பி நுனியில் குட்டிக் கூடையொன்றை விரித்து
அள்ளி எடுப்பார்களாம்.
கூடை என்றதும் சிரித்துவிட்டேன்.
வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

என் முறை வந்தது.
"செபமாலை, பத்தில இருந்து கீழ எண்ணுங்க."
ஏழு வரைக்கும் ஞாபகம்.

வாய்வு வாய்வு என்றவர்களுக்கு இது தெரியுமோ,
கல்லை எடுக்க
இவர்கள்தான் வயிற்றுக்குள் வாயுவை ஏற்றினார்கள்.
கூடாரம்போல் தூக்கி நிறுத்தி,
நாலு துளை,
ஒன்றில் கண், மற்றதில் கைகள்.
பை வெளியே வந்தது தொப்புள் வழியே.
என் அம்மாவும் நானும்
ஒரு காலம் கட்டியிருந்த முடிச்சு அது.

விழித்தபோது வயிறு வலிக்கவில்லை.
தோள் வலித்தது, வலது தோள்.
இது கொழுந்து பறித்த வலி, பழசு என்றேன்.
இல்லை, உள்ளே மிச்சமான வாயு
மேலேறித் தோளில் குத்துதாம்.
இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை
என் தோள்வலிக்கு ஒருவர் காரணம் சொன்னார்.

மறுநாளே துண்டு வெட்டி அனுப்பினார்கள்.
மூன்று கிழமை பாரம் தூக்கக்கூடாது.

பவளக்கொடியை அந்தக் காலத்தில் வெட்டினார்கள்,
விலாவோரம் ஒரு சாண், பூரான் கால்போல் தையல்.
மூன்று மாசம் அவளை யாரும் கேட்கவில்லை,
சட்டையைக் கொஞ்சம் தூக்கினால் போதும்.
எனக்கோ பத்தாம் நாள் ஆள் வந்தது.
என் நாலு புள்ளியைக்
கங்காணி பெண்சாதி போய்ச் சொல்லியிருக்கிறாள்.
"அட்டை கடிச்சதுக்கெல்லாம் லீவா?"
என்றார் கணக்கப்பிள்ளை,
பெரட்டில், எல்லாருக்கும் கேட்க.

துண்டு இங்கிலீசில் இருந்தது.
அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வெறுமை.
மடியிலிருந்து போத்தலை எடுத்து
தராசுத் தட்டில் வைத்தேன்.
ஐந்து கல், மண்ணிறம்,
ஒன்றையொன்று உரசி மூலை பிடித்தவை.
முள் அசையவில்லை.
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிக்கிற தராசு.

போத்தலை எடுத்துக் குலுக்கினார்.
சத்தம் வந்தது.
மறுபடி குலுக்கினார், மெதுவாக.
ஆட்கள் மலைக்கு ஏறும்வரை பேசவில்லை.
பிறகு, குரலை இறக்கி:
"எங்க வீட்டுலயும் ராவானா வாய்வுதான்,
போன மாசத்தில இருந்து."

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

பேரேடு திறந்தே கிடந்தது.
என் பெயருக்கு நேரே
பேனா இன்னும் இறங்கவில்லை.